ஒரே தடவையில் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, மனு எழுதிக் கொடுப்பது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பிரிண்ட் போடுவது, இதுதான் தொழில். எந்த ஊர் என்று எழுதவில்லை. ஒரு அலுவலகத்தையோ ஒரு ஆளையோ மாட்டிவிடுவது என் நோக்கம் கிடையாது. கல்யாண வீட்டிலோ பஸ்ஸில் பக்கத்து சீட்டிலோ பேச்சு வந்தால், தோவாளைக்காரரும் விளவங்கோட்டுக்காரரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு காகிதம் கொண்டு போனால் இன்னொரு காகிதம் கேட்கிறார்கள், அதைக் கொண்டு போனால் வேறொன்று கேட்கிறார்கள் என்பதுதான் அது.

போன ஐப்பசியில் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர், எழுபதை ஒட்டிய வயது. வெட்டுக்காரர்களைக் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காய்ந்த பால் விரல் இடுக்கில் ரப்பராக ஒட்டிக்கிடக்கும். அவர் அதைத் திருகித் திருகி உரித்துக்கொண்டே நின்றார். இறந்துபோன மனைவியின் பெயரில் ஆறு சென்ட் இருக்கிறது, அதைத் தன் பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் மாற்ற வேண்டும். அதற்கு முதலில் வாரிசு சான்றிதழ் வேண்டும். முதல் நாள் ஆதார் நகல் எடுக்க வந்தார். அடுத்த வாரம் வந்து ரேஷன் கார்டு நகல் எடுத்தார். மூன்றாவது தடவை, மனைவியின் இறப்புச் சான்றிதழ் கையால் எழுதியது, அது செல்லாது, கம்ப்யூட்டரில் எடுத்தது வேண்டும் என்றார்களாம். அதை வாங்க அலைந்துவிட்டு நாலாவது தடவை வந்தபோது, சவூதியில் இருக்கும் மகனுடைய ஆதார் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மகனிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் வரவழைத்து நான்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஐந்தாவது தடவை கரம் தீர்வை (நிலவரி) ரசீது. ஆறாவது தடவை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோனார். அதைப் பார்க்க வேண்டியவர் மீட்டிங்குக்குப் போய்விட்டார், நாளைக்கு வாங்க என்றார்கள்.

திரும்பி வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். "மக்ளே, இதெல்லாம் வேணும்னு முதல் நாளே சொல்லியிருந்தா ஒரே நாளையில கொண்டாந்திருப்பேனே" என்றார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் என்னிடம் கேட்டார்.

விடியும் முன் மரத்துக்குப் போய் வெட்டினால்தான் பால் இறங்கும். அதை எடுத்து முடிக்க ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். அலுவலகம் திறப்பதும் பத்து மணிக்குத்தான். அலுவலகம் போகிற நாளில் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. மழைநாளில் வெட்டு இல்லையே, அன்றைக்குப் போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்துப் போனார். மழைநாளில் அவர்கள் வெள்ளச் சேதம் பார்க்கப் போய்விடுவார்கள். ஐப்பசியில் வெயில் அடிக்கிற நாளே கொஞ்சம். அதில் ஐந்தாறு நாளை அந்தப் பெரியவர் அலுவலக வராந்தாவில் விட்டார்.

அவரிடம் யாரும் லஞ்சம் கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லஞ்சத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன, அலுவலக வாசலில் போன் நம்பரோடு போர்டு இருக்கிறது, பிடிபட்டால் வழக்கு வருகிறது. ஆனால் ஒருவரை ஆறு தடவை நடக்கவிட்டதற்கு எந்தப் போர்டும் இல்லை, எந்த நம்பரும் இல்லை. ஆறு தடவையும் அவர் நின்றுகொண்டேதான் பேசினார். அவர் வயதில் பாதிகூட இல்லாத பையன் அவரை "நீ" என்றுதான் கூப்பிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

எனக்கும் நடந்தது. என் அம்மா 2024 மார்ச்சில் இறந்தார். நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணன் வெளிநாட்டில், அக்கா கல்யாணமாகிப் பாறசாலையில், நான் இங்கே. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவள் என்பதால், என் காகிதத்தில் குறை வராது என்று நம்பிக்கையாக இருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, நிராகரிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. காரணம் என்ற இடத்தில் "ஆவணங்கள் சரியில்லை" என்று மட்டும் இருந்தது. எந்த ஆவணம், அதில் என்ன சரியில்லை என்று ஒரு வார்த்தை இல்லை.

நேரில் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அம்மாவின் பெயர் றகரத்தில் தொடங்கும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. றோஸ், றாபர்ட், றசல் என்று வல்லின றகரத்தில் எழுதுவதுதான் நம் ஊர் வழக்கம். பள்ளிக்கூட சர்டிபிகேட்டும் சர்ச் பதிவேடும் அப்படித்தான் இருக்கும். ரேஷன் கார்டில் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அதை ரகரமாக மாற்றியிருக்கிறார். ஆதாரில் அதற்கு இன்னொரு ஸ்பெல்லிங். ஒரே மனுஷி மூன்று காகிதத்தில் மூன்று பேர் ஆகிவிட்டார். "இவங்க எல்லாம் ஒரே ஆள்தான்னு நான் எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார் அந்த அலுவலர். அவர் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர், எங்கள் எழுத்து வழக்கு அவருக்குத் தெரியாது. அதை நான் குறை சொல்லவில்லை. சந்தேகம் வந்தது நியாயம். அந்தச் சந்தேகத்தை விண்ணப்பம் கையில் வந்த அன்றைக்கே எனக்கு எழுதியிருக்கலாம். "பெயர் மூன்று விதமாக இருக்கிறது, மூன்றும் ஒருவரே என்று சான்று கொண்டு வாருங்கள்" என்று ஒரு வரி போதும். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

சரி, முத்திரைத்தாளில் அஃபிடவிட் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோனேன். அப்புறம் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பா இறந்தது 1991இல். அதையும் தேடி எடுத்தேன். அதில் அப்பாவின் இனிஷியல் இல்லை என்றார்கள். இப்படியே ஐந்து மாதம் போயிற்று. நடுவில் அந்த அலுவலருக்கு மாறுதல் வந்து வேறொருவர் வந்தார். அவர் அதே ஃபைலை எடுத்துப் பார்த்தார், என்னை உட்காரச் சொன்னார். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கு (விஏஓ) போன் போட்டு விசாரித்தார். பதினோராவது நாள் சான்றிதழ் கையில் கிடைத்தது. சட்டம் அதே சட்டம், காகிதங்களும் அதே காகிதங்கள்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் மட்டும்தான் மாறியிருந்தார். ஒரு குடிமகளுக்குக் கிடைக்க வேண்டியது, யாருக்கு எப்போது டிரான்ஸ்பர் வருகிறது என்பதையா நம்பியிருக்க வேண்டும்?

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. சென்னையில் உட்கார்ந்து விண்ணப்பப் படிவம் தயாரிப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். அந்தக் காலத்துப் பிரமாணங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், பல மலையாளத்தில் இருக்கும், வருடமும் கொல்லம் ஆண்டில் போட்டிருக்கும். என் தாத்தா வாங்கிய நிலத்தின் பிரமாணத்தில் 1112 என்று இருக்கிறது. ஆங்கில வருடத்துக்கு அது 1936, 37. மூலப்பத்திரம் கொண்டு வா என்று சொல்லி, இப்படி ஒன்றைக் கொண்டு போனால், புதிதாக வந்த இளநிலை உதவியாளர் விழிக்கிறார். "வருஷம் தப்பா இருக்கே" என்று ஒரு பத்திரத்தைத் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மா அழுதுகொண்டே என் கடைக்கு வந்தார். ஒரு வெள்ளைத்தாளில் கொல்லம் ஆண்டு என்றால் என்ன, அதோடு 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில வருடம் வரும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு அது வேலை செய்தது.

ஆனால் மலையாளத்தை வாசிக்க என்னால் முடியாது. எங்கள் பக்கத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிவிட்டார், கண்ணும் மங்கிவிட்டது. பிரமாணத்தை வெயிலில் பிடித்து, லென்ஸ் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்லுவார், நான் எழுதிக்கொள்வேன். அவருக்குப் பிறகு யாரிடம் போவது? ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் பழைய மலையாள ஆவணங்களை மொழிபெயர்க்க, அரசு ஒப்புக்கொண்ட ஒருவரை நியமித்து, அவர் எந்தெந்த நாளில் இருப்பார் என்று எழுதிப்போட்டால் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு உபகாரமாக இருக்கும்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றால், மலையாளத்தில் எழுதத் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பார். தமிழில் பேசினால் கேட்க ஆளில்லை என்பதும் சேர்ந்துதான் தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்ற போராட்டம் எழுந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் நம் ஜனங்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். நம் பாஷையில் நம் குறையைக் கேட்கிற அலுவலகம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இன்றைக்கு மனுவைத் தமிழில்தான் கொடுக்கிறோம். அதே தமிழில், எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அலுவலர்கள் பக்கமும் எனக்குத் தெரியும். தினமும் என் கடையில்தான் அவர்களும் நகல் எடுக்கிறார்கள், பக்கத்துக் கடையில் சாயா குடிக்கும்போது அவர்கள் பேச்சும் என் காதில் விழுகிறது. ஒரு விஏஓ இரண்டு கிராமத்தைப் பார்க்கிறார். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் மற்ற வேலை அப்படியே நிற்கிறது. மதியத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று மேலிருந்து மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. சர்வர் நின்றுபோனால் திட்டு வாங்குவதும் அவர்கள்தான். ராத்திரி எட்டு மணிக்கும் அலுவலகத்தில் லைட் எரிவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு ஆளை ஆறு தடவை வரவைத்தால் வேலை குறைகிறதா, கூடுகிறதா? முதல் தடவையே முழுசாகச் சொல்லியிருந்தால், இரண்டாவது தடவையிலேயே வேலை முடிந்து, கவுன்டரில் அவருக்காகச் செலவான மற்ற நாலு தடவையும் மிச்சம்தானே.

எங்கள் கிராமத்தில் முன்பு ஒரு விஏஓ இருந்தார். யார் போனாலும் முதலில் உட்காரச் சொல்லுவார். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில், கொண்டுவர வேண்டியது எல்லாவற்றையும் நம்பர் போட்டு எழுதுவார். கீழே தேதி போட்டுச் சின்னக் கையெழுத்தும் போடுவார். அந்தத் தாளோடு என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் வரிசையாக நகல் எடுத்து, பின் அடித்துக் கொடுத்துவிடுவேன். அவர்கள் இரண்டாவது தடவை போகும்போது வேலை முடிந்துவிடும். அவர் மாறிப்போகிற அன்று ஊர்ப் பெண்கள் தேங்காயும் பழக்குலையுமாக வந்து நின்றார்கள். அவர் சட்டத்தை வளைக்கவில்லை, யாருக்கும் சலுகை காட்டவில்லை. காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

மேலே இருப்பவர்கள் மனசு வைத்தால் நடக்காதது இல்லை என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயலில் வள்ளம் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. ஆள் காணாமல் போனால் ஏழு வருடம் கழிந்த பிறகுதான் இறந்ததாகக் கொள்ள முடியும் என்பது பொது விதி. அந்த ஏழு வருடத்தைக் காட்டி அந்தக் குடும்பங்களை உட்கார வைக்காமல், அடுத்த சில மாதத்திலேயே குடும்பத்துக்கு 20 லட்ச ரூபாய் நிவாரணம் போய்ச் சேர அரசு வழி பண்ணியது. ஜனங்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அது நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் நடந்தது. அவ்வளவு பெரிய விதியிலேயே இரக்கத்துக்கு இடம் கிடைத்ததென்றால், றகரத்துக்கும் ரகரத்துக்கும் கிடைக்காதா?

மனு கொடுத்தால் மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் பதில் என்று தமிழ்நாடு அரசே 2015இல் ஆணை போட்டிருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களிடம் ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா என்று நான் கேட்டால், "அப்படின்னா?" என்று கேட்கிறார்கள். திங்கட்கிழமை நாகர்கோவிலில் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்த மனு சுற்றிச் சுற்றி எந்த மேஜையைப் பற்றிப் புகார் சொன்னார்களோ அதே மேஜைக்கு வந்து சேருகிறது. முதல்வரின் உதவி எண் 1100க்குப் போன் போட்டாலும் அப்படித்தான். கடைசியில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதித் தரச் சொல்கிறார்கள். நானும் எழுதிக் கொடுக்கிறேன். 30 நாளில் பதில் வர வேண்டும், பல தடவை வரவும் செய்கிறது. ஆனால் தன் விண்ணப்பத்தில் எந்தக் காகிதம் குறைகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பால்வெட்டுக்காரர் 2005ஆம் வருடச் சட்டத்தைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறதே, அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே 2012இலேயே சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போகும்போது அவளோடு வில்லேஜ் ஆபீசுக்கும் ஒரு தடவை போனேன். எந்தச் சான்றிதழ் எத்தனை நாளில் தர வேண்டும், தராவிட்டால் யாரிடம் அப்பீல் என்று சுவரில் போர்டு இருந்தது. அங்கேயும் அலைச்சல் உண்டு என்று அக்கா சொல்லுவாள், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள் கணக்கு சட்டத்தில் இருந்தால், விரலை நீட்டிக் கேட்க ஒரு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

நான் குடியிருப்பது ஒரு ஊராட்சியில். ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. வார்டு மெம்பர் இருந்தபோது ராத்திரியில்கூட வீட்டுக் கதவைத் தட்டி, தண்ணி வரவில்லை என்று சொல்ல முடிந்தது. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத இடத்தில் அலுவலரின் ஒரு வார்த்தைதான் ஜனங்களுக்கு எல்லாமே. அதனால் அந்த வார்த்தை தெளிவாக, மரியாதையாக இருக்க வேண்டியது இப்போது இன்னும் அவசியம்.

என் கோரிக்கை ஒன்றுதான். புதிய ஆப் எதுவும் வேண்டாம், புதிய கட்டடமும் வேண்டாம். ஒருவர் மனுவோடு வருகிற முதல் நாளிலேயே என்னென்ன குறைகிறது என்று முழுசாகப் பார்த்து, அவர் கையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதில் எழுதாத ஒன்றைப் பிறகு கேட்பதாக இருந்தால், ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்று மேலதிகாரிக்கு அந்த அலுவலர்தான் காரணம் எழுத வேண்டும். ஆன்லைனில் நிராகரித்தாலும் இதே முறைதான். "ஆவணங்கள் சரியில்லை" என்று மட்டும் டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதை ஏற்கவே கூடாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் இணைத்திருக்கிறேன். அரைப்பக்கம்தான். மேலே விண்ணப்பதாரர் பெயர், தேதி. நடுவில் குறைகிற ஆவணங்களை எழுத எட்டு வரி. அதன் கீழே "இவற்றைக் கொடுத்தால் இத்தனை நாளில் முடிவு தரப்படும்" என்று ஒரு கோடு. கடைசியில் அலுவலர் கையெழுத்து, அலுவலக முத்திரை. அந்த விஏஓவின் காலண்டர் தாளைப் பார்த்துத்தான் தயாரித்தேன். உங்கள் பத்திரிகை இதை வெளியிட்டால், மாவட்ட நிர்வாகத்தின் கண்ணில் படும் என்று நம்புகிறேன். எங்கள் தாலுகா அலுவலகம் இதைப் பயன்படுத்த முன்வந்தால், முதல் ஒரு வருடத்துக்கு வேண்டிய தாள்களை என் கடையிலேயே நகல் எடுத்துக் கொடுக்கிறேன். காசு வாங்க மாட்டேன்.

கடை அலுவலகத்துக்கு எதிரே இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்